சிறு குழுவாகக் கேட்டமரான் படகில் ஸ்நோர்க்கெலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரை விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கி, பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் ஏறும் கேட்டமரான் படகில் பவளப்பாறை வரை சென்று ஸ்நோர்க்கெலிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் அணிந்து, நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்யலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நீச்சலில் பெரிய தேர்ச்சி இல்லாமல், ஆழத்தை நினைத்து அஞ்சியபடிதான் நானும் முதன்முறை படகேறினேன். அதனால் அனுபவசாலிகளைவிட, முதல்முறை போகிறவர்களையும் தயங்கி நிற்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கேட்டமரான் என்பது நம்முடைய கட்டுமரம்தானா?

பெயர் நம்முடையது, படகு வேறு. ‘கட்டுமரம்’ என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் இந்தப் பெயரானது. ஆனால் நம் கட்டுமரம் மரத்துண்டுகளை நெருக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்தது. இன்றைய கேட்டமரான் இரண்டு ஒடுங்கிய அடிப்பகுதிகளை இடைவெளிவிட்டு நிறுத்தி, மேலே ஒரே தளத்தால் இணைத்தது. பசிபிக் தீவு மக்களின் இரட்டைப் படகுகள்தான் அதன் முன்னோடி.

அகலமாக இருப்பதால் அது பக்கவாட்டில் அதிகம் சாய்வதில்லை. நீருக்குள் குறைந்த ஆழமே இறங்குவதால், ஆழமில்லாத இடங்களுக்கு அருகிலும் செல்ல முடிகிறது. முன்பக்கம் இரண்டு அடிப்பகுதிகளுக்கும் இடையே வலை கட்டியிருப்பார்கள். அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு முழம் கீழே கடல் பிளந்து ஓடுவதைப் பார்த்தபடி போவதே தனி இன்பம்.

பெரிய படகில் கட்டணம் குறைவாக இருக்கும்போது சிறு குழுவை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

வசதிக்காகவோ கூட்டமில்லாத புகைப்படத்துக்காகவோ நான் இதைச் சொல்லவில்லை. கடலில் இறங்கிய பிறகு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் எத்தனை என்பதற்காகச் சொல்கிறேன். நீரில் ஒருவர் ஆபத்தில் சிக்கும்போது பெரும்பாலும் கத்துவதோ கையை வீசுவதோ இல்லை, ஓசையின்றியே மூழ்கிவிடுகிறார். அதிலும் ஸ்நோர்க்கெலிங்கில் எல்லோரும் முகத்தை நீரில் வைத்து அசையாமல்தான் மிதப்பார்கள். நலமாக மிதப்பவரையும் நினைவிழந்து மிதப்பவரையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். எண்பது பேர் ஒரே நேரத்தில் குதிக்கும் இடத்தில் அந்த வேறுபாட்டை யார் கவனிப்பது? பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி நீருக்குள்ளேயே இருந்தால், உங்கள் மூச்சின் வேகம் மாறுவதைக்கூட அவர் கவனித்துவிடுவார்.

ஆட்களை எண்ணுவதும் அப்படித்தான். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) முக்குளிக்கச் சென்ற ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. தலை எண்ணிக்கையில் நேர்ந்த பிழை அது. அவர்கள் இல்லை என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் திரும்பி வரவேயில்லை. அதன்பின் அங்கே விதிகள் இறுகின. பன்னிரண்டு பேர் உள்ள படகில், காலைச் சிற்றுண்டியின்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் திரும்பி ஏறவில்லை என்றால், எண்ணிப் பார்க்காமலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பதிவு செய்வதற்கு முன் என்னென்ன விசாரிக்க வேண்டும்?

முதலில், வழிகாட்டி நீரில் இறங்குவாரா, படகிலிருந்தே பார்ப்பாரா என்று கேளுங்கள். ‘படகில் இருந்து பார்த்துக்கொள்வோம்’ என்பது போதுமான பதில் அன்று. ஒருவர் நீரிலும் ஒருவர் படகின் மேல்தளத்திலும் இருப்பதே சரியான முறை. அடுத்து, படகின் முழுக் கொள்ளளவையும் அன்று ஏறப்போகிறவர்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே கேளுங்கள், ஏனென்றால் ‘சிறு குழு’ என்பதற்குச் சிலர் நாற்பது பேர் என்றும் பொருள் கொள்கிறார்கள். முதலுதவிப் பெட்டியோடு ஆக்சிஜன் உருளை இருக்கிறதா என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான், கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

நான் எப்போதும் கேட்கும் இன்னொன்று, பவளத்திட்டில் நங்கூரம் போடுவீர்களா, நிலையான மிதவையில் கட்டுவீர்களா என்பது. நங்கூரமும் அதன் சங்கிலியும் ஒரே நாளில் நொறுக்கும் பவளம் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். மிதவையில் கட்டுகிறோம் என்றோ மணல்தரையில் மட்டுமே நங்கூரம் இடுகிறோம் என்றோ தெளிவாகப் பதில் சொல்கிறவர், மற்றவற்றிலும் பெரும்பாலும் கவனமாகவே இருப்பார் என்பது என் அனுபவம்.

மாஸ்க், குழாய், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), லைஃப் ஜாக்கெட், குடிநீர், உணவு ஆகியவற்றில் எவை கட்டணத்தில் அடங்கும் என்பதையும், படகில் கழிப்பறை உண்டா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. நான் போகலாமா?

பல படகுகளில் அனுமதிக்கிறார்கள். உண்மையில், உப்புநீரில் லைஃப் ஜாக்கெட் அணிந்தவர் எளிதாகவே மிதப்பார். ஆனால் மிதப்பது வேறு, பதற்றமின்றி மிதப்பது வேறு. முகத்தில் நீர் பட்டவுடன் திணறுபவராக இருந்தால், பயணத்துக்கு முந்தின நாள் நின்றால் கால் எட்டும் நீச்சல் குளத்தில் மாஸ்க்கும் குழாயும் அணிந்து அரைமணி நேரம் பழகுங்கள். அந்த அரைமணி நேரம் கடலில் உங்களுக்கு ஒரு முழு நாளை மீட்டுத் தரும்.

நீச்சல் தெரியாது என்பதை வழிகாட்டியிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொன்னவருக்கு அவர் வட்ட மிதவையைக் கொடுத்து, அதைத் தாமே இழுத்துக்கொண்டு நீந்துவார். சொல்லாதவரை மற்றவர்களைப் போலவே நடத்துவார். என் முதல் பயணத்தில் நான் ஏணியின் கடைசிப் படியிலேயே வெகுநேரம் நின்றேன். வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘போகவே வேண்டாம், முகத்தை மட்டும் நீரில் வையுங்கள், பத்து மூச்சு எண்ணுங்கள்’ என்றார். ஏழாவது மூச்சில் கீழே ஒரு மஞ்சள் மீன்கூட்டம் கடந்தது. எண்ணுவதை மறந்துவிட்டேன்.

யாரெல்லாம் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்?

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு ஆகியவை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் கேட்க வேண்டும். ஸ்நோர்க்கெலிங் அமைதியான விளையாட்டாகத் தெரிந்தாலும், உடலுக்கு அது உழைப்புதான். நீரின் அழுத்தம் மார்பின்மீது இருக்க, ஒரு குழாய் வழியாக மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஸ்நோர்க்கெலிங்கின்போது நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த அறிக்கை, தண்ணீரை விழுங்கித் தத்தளித்ததைவிட, குழாயின் தடையை எதிர்த்து மூச்சு இழுப்பதால் நுரையீரலில் திடீரென நீர் கோத்துக்கொள்வதே பலவற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டியது.

ஆகவே இந்த ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: காரணமின்றி மூச்சு வாங்கினாலோ கைகால் தளர்ந்தாலோ, ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்று இருக்காதீர்கள். உடனே குழாயை வாயிலிருந்து எடுத்து, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி அழைத்து, நீரைவிட்டு வெளியேறுங்கள்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

ஸ்நோர்க்கெலிங் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேரை விசாரித்தால், அவர்களுக்குப் பிடிக்காதது கடலன்று, பொருந்தாத மாஸ்க் என்று தெரியவரும். படகில் கொடுக்கும் மாஸ்க்கை அப்படியே வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். வாரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். கீழே விழாமல் முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்களுக்கு உரிய மாஸ்க். விழுந்தால் வேறொன்றைக் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது மாஸ்க் கேட்பது உங்கள் உரிமை.

பொருந்திய மாஸ்க்கும் கசிகிறதென்றால், நெற்றியில் ஒரு மயிரிழை விளிம்புக்குள் மாட்டியிருக்கலாம். மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டின் அருகே சிறிது கசிவது இயல்பு. வாரை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு மடிந்து, கசிவு கூடவே செய்யும். வார் தலையின் பின்பக்கம், காதுகளுக்கு மேலே, தளர்வாக இருந்தாலே போதும், மற்றதை நீரின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடி பனிபோல் மங்கினால், உள்பக்கம் எச்சிலைத் தடவி ஒருமுறை கடல்நீரில் அலசுவதுதான் பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. கூச்சமாக இருந்தால், குழந்தைகளுக்கான ஷாம்பூவில் ஒரு துளியை நீரில் கலந்து தேய்த்து அலசலாம்.

முழு முகத்தையும் மூடும் மாஸ்க் எளிதாக இருக்கிறதே, அதை வாங்கலாமா?

நான் பரிந்துரைப்பதில்லை. தரமற்ற வடிவமைப்புகளில் வெளிவிட்ட மூச்சே திரும்ப உள்ளே வரக்கூடும். மூக்கைப் பிடித்துக் காதழுத்தத்தைச் சமன்செய்வதும் பலவற்றில் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றுவது கடினம். வாயில் கடிக்கும் குழாயென்றால் துப்பிவிட்டால் போதும்.

கண்ணாடி அணிபவர்கள் என்ன செய்வது?

பார்வைக்குறைவுக்கு ஏற்ற வில்லை பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது, முன்கூட்டியே கேட்டால் சில படகுகளிலேயே தருவார்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிந்து இறங்கினால் கண்தொற்று அபாயம் உண்டு. வேறு வழியில்லையென்றால் ஒருநாள் மட்டும் பயன்படுத்தும் வகையை அணிந்து, கரை சேர்ந்ததும் எறிந்துவிடுங்கள். நீருக்கடியில் ஒளி விலகுவதால் பொருள்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், சற்று அருகிலும் தெரியும். ஆகவே சிறிதளவு பார்வைக்குறைவு உள்ளவர்கள் பெரும்பாலும் எதுவும் இல்லாமலேயே சமாளித்துவிடலாம்.

படகில் குமட்டுமா?

கேட்டமரான் குறைவாகச் சாய்வதால் பலருக்குக் குமட்டல் குறைவு. ஆனால் காற்று எழும்பிய கடலில் அதன் குலுக்கல் வெடுக்கென்று, குறுகியதாக இருக்கும், அது ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. குமட்டல் வரும் உடல்வாகு என்று தெரிந்தால், மருத்துவர் சொன்ன மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. இவற்றில் பல தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், நீந்தப் போகும் நாளில் முதன்முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், எண்ணெய்ப் பண்டங்களை நிறையச் சாப்பிட்டும் போகாதீர்கள். படகின் நடுவில், சற்றுப் பின்பகுதியை ஒட்டி உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். இஞ்சி மிட்டாய் சிலருக்கு உதவுகிறது.

காலைப் பயணமா, பிற்பகலா?

காலைதான். நிலம் சூடேறச் சூடேறக் கடற்காற்று வலுத்து, பிற்பகலில் நீர்மட்டம் கலங்கும். காற்றில்லாத காலையில் நீர் கண்ணாடிபோல் இருக்கும்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துச் செல்வது?

முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால்வரை மறைக்கும் நீச்சல் உடையும் அணிந்தால் பாதிக் கவலை தீரும். ஸ்நோர்க்கெலிங்கில் வெயில் தாக்குவது முகத்தை அன்று. முதுகு, பிடரி, முழங்காலின் பின்புறம், கெண்டைக்கால் ஆகியவைதான் வேகும். நீரின் குளிர்ச்சியில் எரிச்சல் தெரியாது, இரவு படுக்கும்போதுதான் தெரியும்.

துணி மறைக்காத இடங்களுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டும். அதில் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்கின்றன என்ற கவலையால், அவை கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடுத்திருக்கிறது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020-இலேயே இத்தகைய சன்ஸ்கிரீன்களுக்குத் தடை விதித்தது. துத்தநாக ஆக்சைடு கலந்ததை வாங்கி, நீரில் இறங்குவதற்கு நன்றாக முன்னரே பூசிக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலி, கொலுசு ஆகியவற்றை அறையிலேயே வைத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், மின்னும் பொருள் சீலா போன்ற வேட்டை மீன்களின் கண்ணையும் இழுக்கும்.

நீரில் இறங்கியபின் எப்படி நீந்துவது?

முதல் இரண்டு நிமிடம் நீந்தவே வேண்டாம். படகின் கயிற்றைப் பிடித்தபடி முகத்தை வைத்து, மெதுவாக, ஆழமாக மூச்சுவிட்டுப் பழகுங்கள். குழாய்க்குள் நீர் வந்தால் ‘தூ’ என்று ஒரே வேகத்தில் ஊதுங்கள், மேல்வழியே போய்விடும். கைகளை வீச வேண்டியதில்லை. இடுப்பிலிருந்து கால்களை மெல்ல அசைத்தால் ஃபின்ஸ் வேலை செய்யும். முழங்காலை மடக்கி உதைத்தால் களைப்புதான் மிஞ்சும்.

போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைப் படகுக்குக் கொண்டுவரும். தனியாகப் போகாதீர்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் ‘நலமாக இருக்கிறேன்’ என்று பொருள், கையை உயர்த்தி ஆட்டினால் ‘உதவி வேண்டும்’. படகைப் பார்த்து நட்பாகக் கையாட்டும் வழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள்.

மூச்சடக்கிக் கீழே போய்ப் பார்க்கலாமா?

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நன்றாக நீந்துபவர்கள், அருகில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க, சிறிது ஆழம் போகலாம். இரண்டு மீட்டரிலேயே காது வலிக்கத் தொடங்கும். வலிப்பதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். சளி பிடித்திருந்தால் முயலாதீர்கள்.

இதில் உயிருக்கு உலைவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. நீண்ட நேரம் மூச்சடக்கலாம் என்று நம்பி, இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். அதனால் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. மூச்சு விடு என்று உடலை எச்சரிக்கும் கரியமில வாயுதான் குறைகிறது. எச்சரிக்கை வராமலேயே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள் நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரர்களே இதில் இறக்கிறார்கள்.

நீருக்குள் என்னதான் பார்க்கக் கிடைக்கும்?

முதலில் கேட்கும், பிறகுதான் தெரியும். காதை நீரில் நனைத்தவுடன் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சடசடப்பு எல்லாத் திசையிலிருந்தும் வரும். கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிறு இறால்களின் ஓசை அது. சற்று நேரம் அசையாமல் மிதந்தால் அதற்கிடையே ‘கறுக், கறுக்’ என்று வேறொரு சத்தம் கேட்கும். தலையைத் திருப்பினால் நீலமும் பச்சையுமாகக் கிளிமீன் ஒன்று, அலகுபோன்ற பல்லால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். கடித்த பவளத்துகளை அது பின்னால் வெண்மணலாகக் கழித்துக்கொண்டே போவதைப் பொறுமையுள்ளவர்கள் பார்க்கலாம். வெப்பக்கடல் கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பகுதி இப்படி உண்டானதே.

கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளத்திட்டுகளை நம்பி, கடலுயிர் இனங்களில் ஏறத்தாழ கால் பங்கு வாழ்கிறது. அதனால் பரந்து திரிவதைவிட, ஒரே பாறையின்மேல் பத்து நிமிடம் மிதப்பவருக்கே அதிகம் தெரியும். சிறு குழுவில் போவதன் பெரிய ஆதாயமும் இதுதான்: யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

பவளத்தின்மேல் நிற்கலாமா? ஆமையைத் தொடலாமா?

கூடாது. பவளம் கல்லன்று, நுண்ணுயிரிப் பாசிகளோடு கூடிவாழும் சிறு விலங்குகளின் கூட்டம். உருண்டையாக வளரும் பெரும் பவளங்கள் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. ஃபின்ஸின் ஒரு உதை முறிப்பது ஒரு குழந்தையின் வயதுக்குச் சமமான வளர்ச்சியாக இருக்கலாம். கடல் சூடேறும்போது பவளம் தன் பாசியை இழந்து வெளுத்துப்போகிறது. 1998-இலும் 2010-இலும் 2014 முதல் 2017 வரையும் உலகளாவிய வெளுப்பு நேர்ந்தது, நான்காவது 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே தவிக்கும் உயிரின்மேல் நம் காலும் பட வேண்டாம். களைத்தால் மல்லாந்து மிதந்து ஓய்வெடுங்கள்.

கடலாமை நுரையீரலால் மூச்சுவிடுவது, மேலே வந்தாக வேண்டும். அதன் வழியை மறிக்காமல் மூன்று மீட்டராவது விலகி இருங்கள். மீன்களுக்குத் தீனி போடும் படகில் நான் இரண்டாம் முறை ஏறுவதில்லை. ரொட்டிக்குப் பழகிய மீன் பாறையை மேய்வதை விட்டுவிடுகிறது, பாசி பவளத்தை மூடுகிறது.

சுறா, ஜெல்லி மீன் பயம் உண்டே?

பவளத்திட்டில் காணும் சிறு சுறாக்கள் பெரும்பாலும் மனிதரைக் கண்டு விலகிப் போகின்றன. ஜெல்லி மீன் அன்றைய நீரில் இருக்கிறதா என்பதை மாலுமி அறிவார், கேட்டுவிட்டு இறங்குங்கள். தீண்டினால் தேய்க்காதீர்கள், நன்னீர் ஊற்றாதீர்கள். இனத்துக்கு இனம் சிகிச்சை மாறுவதால் படகில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். கல்மீன், கடல் முள்ளெலி ஆகியவை துரத்தி வந்து குத்துவதில்லை. காலை ஊன்றுபவரைத்தான் குத்துகின்றன.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

குறைந்தபட்ச வயது படகுக்குப் படகு மாறும். வயதைவிட முக்கியமானது, குழந்தைக்கு அளவான மாஸ்க்கும் லைஃப் ஜாக்கெட்டும் இருப்பது. இல்லையென்றால் போகாதீர்கள். உடல் சிறிதாக இருப்பதால் குழந்தைகளுக்கு விரைவில் குளிரும். உதடு நீலமாவதற்கு முன்பே மேலேற்றுங்கள்.

கைப்பேசியை நீருக்குள் கொண்டுபோகலாமா?

நீர்புகா உறையில் போட்டுக் கொண்டுபோகலாம். முந்தின இரவு உறைக்குள் மெல்லிய தாளை மட்டும் வைத்து அரைமணி நேரம் நீரில் அமிழ்த்திப் பாருங்கள். தாள் ஈரமாகவில்லையென்றால் கைப்பேசியை வைக்கலாம். சிவப்பு நிறத்தை நீர் முதலில் விழுங்கிவிடுவதால், தொலைவில் எடுத்த படங்கள் நீலம் பாய்ந்திருக்கும். ஆனால் முதல் கால்மணி நேரம் கைப்பேசியைப் படகிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

மது அருந்தலாமா?

பல படகுகளில் தருகிறார்கள். கடைசியாக நீரைவிட்டு ஏறியபின் அருந்துவது உங்கள் விருப்பம், அதற்கு முன்பு ஒரு மிடறும் வேண்டாம்.

காற்று வீசிப் பயணம் ரத்தானால்?

பணம் திரும்பவா, மாற்று நாளா என்பதை எழுத்தில் பெறுங்கள். மாற்று நாள் கிடைக்க வேண்டுமென்றால் பயணத்தை விடுமுறையின் முதல் பாதியில் வையுங்கள். ‘இன்று வேண்டாம்’ என்று மாலுமி சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

அன்று மாலையே விமானம் ஏறலாமா?

நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நோர்க்கெலிங்குக்குத் தடையில்லை. காற்றுருளை கட்டிக்கொண்டு ஸ்கூபா முக்குளித்தவர்கள்தாம் ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். படகுகளில் சில இரண்டையும் ஒரே நாளில் தருவதால், விமானச்சீட்டின் நேரத்தைப் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய்யுங்கள்.